குறைந்த விலையில் ஒரு பழைய கார்: வாங்கும் முன் கேட்ட ஆலோசனை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சி மாவட்டம் துறையூரை அடுத்த ஓர் ஊரில் வசிக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவர், 2024ஆம் ஆண்டு கோடை விடுமுறை முடிந்ததும் பழைய கார் ஒன்று வாங்க முடிவு செய்தார். இதய நோய்க்குச் சிகிச்சை பெறும் தாயாரை மாதந்தோறும் திருச்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்ததும், பேருந்துப் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதும், ஒவ்வொரு முறையும் வாடகைக் கார் பிடிப்பது கட்டுப்படியாகாததும் இதற்குக் காரணங்கள். சீட்டுப் பணமும் கூட்டுறவுச் சங்கக் கடனுமாகச் சேர்ந்தது 3 லட்சம் ரூபாய். அதற்கு மேல் புரட்ட வழியில்லை என்பதால், வாங்கியபின் பெரிய செலவு வைக்கும் வண்டி அவருக்கு ஆகாது.

ஓட்டுநர் உரிமம் பல ஆண்டுகளாக அவரிடம் இருந்தாலும் சொந்தமாகக் கார் வைத்திருந்ததில்லை. மாதத்துக்கு அதிகம் போனால் 500 கிலோமீட்டர் ஓடும் என்பது அவருடைய கணக்கு. இந்த ஒரு தகவலை வைத்தே பாதி வண்டிகளைக் கழித்திருக்கலாம். ஆனால் ஆலோசனை சொன்ன எவரும் தொடக்கத்தில் அதைக் கேட்கவில்லை.

இந்த ஆய்வு, அவரும் அவருக்காக வண்டிகளைப் பார்த்த மெக்கானிக்கும் சொன்னவற்றையும், இரண்டு வண்டிகளின் ஆவண நகல்களையும் கொண்டு எழுதப்பட்டது.

முதலில் கிடைத்த ஆலோசனைகள்

மைத்துனர் டீசல் வண்டியைப் பரிந்துரைத்தார். அவர் வாடகைக் கார் ஓட்டுபவர். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓட்டும் அவருக்கு டீசல் லாபம். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு எரிபொருளில் மிச்சமாகும் தொகையை எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்றின் பழுதே விழுங்கிவிடும். உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், டெல்லியிலிருந்து வரும் டீசல் கார்கள் மிக மலிவு என்றார். அது உண்மைதான். பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகள் டெல்லியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்ததிலிருந்து, அந்த வண்டிகள் தடையின்மைச் சான்றுடன் பிற மாநிலங்களுக்கு வந்துகொண்டிருந்தன. ஆனால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும், பழைய வண்டிக்குரிய பராமரிப்பையும் சுமக்க வேண்டும். இதை ஆசிரியர் அதிகம் யோசிக்காமலே ஒதுக்கிவிட்டார்.

மூன்றாவது ஆலோசனை ஒரு புரோக்கரிடமிருந்து வந்தது. சென்னைப் பதிவெண் கொண்ட, 2017 பிப்ரவரியில் பதிவான வேகன் ஆர், சிங்கிள் ஓனர், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, விலை 2,60,000 ரூபாய் என்றார். அதே ஆண்டின் அதே வகை வண்டிகளுக்கு அப்போது திருச்சியில் 3.25 லட்சத்திலிருந்து 3.6 லட்சம் வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி ஒரு பழைய கார் விற்பனையாளரின் வளாகத்தில் நின்றது. ஆடி பிறப்பதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறொருவர் கொண்டுபோய்விடுவார் என்று அவசரப்படுத்தியதில், ஆசிரியர் 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். ரசீது துண்டுச் சீட்டில் எழுதப்பட்டது. அதில் வண்டி எண்ணும் இல்லை, வேண்டாமென்றால் பணம் திரும்புமா என்பதும் இல்லை.

காகிதத்தில் தெரிந்தது

முன்பணம் கொடுத்த மறுநாள், ஊரில் தன் இருசக்கர வாகனத்தைப் பழுது பார்ப்பவர் மூலம், திருச்சியில் நெடுங்காலம் கார் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் ஆசிரியர் போனார். வண்டியைப் பார்க்க வருமாறு அழைத்தவரிடம் மெக்கானிக் சொன்ன முதல் பதில் இது: “வண்டி எங்கேயும் ஓடிடாது சார். முதல்ல ஆர்.சி., இன்சூரன்ஸ் ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இவ்வளவு கம்மியா ஏன் குடுக்கறாங்கன்னு அதுலயே பாதி தெரியும்.”

ஆர்.சி. என்னும் பதிவுச் சான்று ஒழுங்காக இருந்தது. அரசின் வாகனப் பதிவு விவரங்களைக் காட்டும் பரிவாகன் தளத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்தபோது ஒரே உரிமையாளர், கடன் பதிவு இல்லை, அபராதம் நிலுவையில் இல்லை. உரிமையாளரின் முகவரி வேளச்சேரி.

இன்சூரன்ஸ் பாலிசி 2024 பிப்ரவரியில் புதுப்பிக்கப்பட்ட முழுக் காப்பீடு. அதில் ‘நோ கிளைம் போனஸ்’ என்ற வரியில் பூஜ்யம் என்று அச்சாகியிருந்தது. ஓராண்டு முழுவதும் இழப்பீடு கேட்காமல் இருந்தால் அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். அது ஆண்டுக்காண்டு 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். 2017இல் வாங்கி, ஒரு கிளைமும் இல்லாமல் ஓட்டிய வண்டியானால் 2024இல் 50 சதவீதம் இருந்திருக்க வேண்டும். பூஜ்யத்துக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, வண்டி கை மாறியிருக்கலாம். இந்தத் தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது என்பதால், வாங்கியவர் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே உரிமையாளர் மாறவில்லை. இரண்டாவது, பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்கு மேல் புதுப்பிக்காமல் விடப்பட்டிருக்கலாம். ஆனால் முந்தைய பாலிசி முடிந்த தேதியும் அதே தாளில் இருந்தது. இடைவெளி ஒரு நாள்கூட இல்லை. எஞ்சியது மூன்றாவது காரணம்: 2023 பிப்ரவரிக்கும் 2024 பிப்ரவரிக்கும் இடையில் இந்த வண்டிக்கு இழப்பீடு வாங்கப்பட்டிருக்கிறது.

அந்த ஓராண்டுக்குள்தான் 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் நிறுத்தியிருந்த கார்கள் தண்ணீரில் நின்ற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் தமிழ்நாட்டில் குறைவு. முகவரியையும் பூஜ்யத்தையும் சேர்த்துப் பார்த்தபோது சந்தேகம் வலுத்தது. ஆனாலும், பம்பர் உடைந்து கிளைம் வாங்கியிருந்தாலும் இதே பூஜ்யம்தான் வரும் என்பதால், வண்டியைப் பார்க்காமல் முடிவு சொல்ல மெக்கானிக் மறுத்தார். இந்த நிதானத்தை இங்கே குறித்துவைப்பது அவசியம். ஒரு தாளை வைத்து ஒரு வண்டியைக் குற்றம் சாட்டுவதும் தவறான ஆலோசனைதான்.

வண்டியில் தெரிந்தது

வண்டியின் வெளிப்புறத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவு இடுக்குகள் சீராக இருந்தன. பானெட்டைத் திறந்தால், எஞ்சினின் இருபுறமும் உள்ள தகடான ஏப்ரானில், தட்டி நிமிர்த்திய டிங்கரிங் தடயம் இல்லை, போல்ட்டுகளின் பெயின்ட் கலையவில்லை. அதாவது மோதல் இல்லை. எஞ்சினும் முதல் திருகலிலேயே எழுந்தது, புகையும் இல்லை. இந்த இடத்தில் பலர் திருப்தியாகி வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியிருப்பார்கள்.

மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். வழக்கமாக மாட்டும் அளவோடு நிற்காமல், சுருளில் மிச்சம் இல்லாத அளவுக்கு முழுவதும் வெளியே இழுத்தார். மேல்பகுதி சுத்தமாக இருந்தது. கடைசி ஒன்றரைச் சாண் நீளத்தில், பெல்ட்டின் குறுக்கே மங்கிய பழுப்புக் கோடு ஒன்று ஓடியது. அதற்குக் கீழே இருந்த நாடா விறைத்து, விரலால் தேய்த்தபோது மெல்லிய தூசு உதிர்ந்தது. பயணியர் பக்கப் பெல்ட்டிலும் அதே உயரத்தில் அதே கோடு. இருக்கை உறையை மாற்றுவார்கள், தரை விரிப்பை மாற்றுவார்கள், உள்ளே வாசனைத் திரவியமும் தெளிப்பார்கள். சுருளுக்குள் போய்விட்ட பெல்ட்டை யாரும் வெளியே இழுத்துக் கழுவுவதில்லை.

அதன்பின் தேட வேண்டிய இடங்கள் எல்லாம் தெரிந்தவையே. முன் இருக்கைகள் நகரும் தண்டவாளத்தின் அடிப்பக்கம் துருப்பிடித்திருந்தது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கியபோது குழியின் மூலையில் உலர்ந்த வண்டல் படிந்திருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தபோது ஒயர் இணைப்பான்கள் இரண்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தண்ணீர் இருக்கை உயரம் வரை வந்து சில மணி நேரமாவது நின்றிருக்கிறது என்பதில் அதன்பின் ஐயமில்லை.

வேண்டாம் என்று முடிவு செய்ததற்கான காரணங்கள்

விற்பனையாளர் வாதாடினார். எஞ்சின் நன்றாக இருக்கிறது, இன்சூரன்ஸ் பணத்தில் முறையாகப் பழுது பார்த்திருக்கிறார்கள், வேண்டுமானால் இன்னும் 20,000 குறைத்துக்கொள்ளலாம் என்றார். விலை குறைந்தால் ஏற்கலாமா என்ற தடுமாற்றம் ஆசிரியருக்கும் வந்தது.

மெக்கானிக்கின் பதில் இப்படி அமைந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கழற்றிச் சரி செய்துவிடலாம்; அது ஒரு முறைச் செலவு. ஒயரிங்குக்குள் போன தண்ணீர் அப்படியன்று. இணைப்பான்களில் களிம்பு மெல்ல மெல்ல ஏறி, மாதங்கள் கழித்து இன்று ஒரு விளக்கு, நாளை ஒரு சென்சார் என்று பழுது காட்டும். எந்தப் பழுது எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. பெரும்பாலான கார்களில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி நடுக் கன்சோலுக்கு அடியில், தரையை ஒட்டி இருக்கிறது. இந்த வண்டியில் ஏர்பேக் இருந்தது. தேவைப்படும் நொடியில் அது விரியுமா என்பதைச் சோதித்துப் பார்க்கவும் முடியாது. நோயாளியை ஏற்றிச் செல்ல வாங்கும் வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது என்பதுதான் ஆசிரியரின் முதல் தேவை. ஆகவே எவ்வளவு குறைத்தாலும் இது அவருக்கு உரிய வண்டியன்று.

நீரில் மூழ்கிய வண்டியை எவரும் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவருக்கு, விஷயம் தெரிந்து, அதற்கேற்ற விலையில் அது கட்டுப்படியாகலாம். இங்கே குறை வண்டியில் இருந்ததைவிட, அதைச் சொல்லாமல் விற்றதில் இருந்தது.

முன்பணத்தில் 3,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 2,000 ‘ஃபைல் சார்ஜ்’ என்று பிடிக்கப்பட்டது. ரசீதில் நிபந்தனை எதுவும் இல்லாததால் ஆசிரியர் அதற்கு மேல் போராடவில்லை.

இரண்டாவது வண்டி

இதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது என்று தாயார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த நம்பிக்கையைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், அவசரமில்லாமல் பார்க்க ஒரு மாதம் கிடைத்தது. விற்பனை மந்தமான மாதமென்பதால் விற்பவர்களும் இறங்கிப் பேசினார்கள்.

மெக்கானிக்கின் வாடிக்கையாளர் வழியாக, ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவரின் 2013ஆம் ஆண்டு ஐ10, 1.1 லிட்டர் பெட்ரோல் வண்டி, பார்வைக்கு வந்தது. கேட்ட விலை 2,35,000. ஓடியது 61,000 கிலோமீட்டர். அவர் சர்வீஸ் பில்களை முதல் நாளிலிருந்து ஒரு கோப்பில் கோத்து வைத்திருந்தார். ஒவ்வொரு பில்லிலும் இருந்த கிலோமீட்டர் ஏறுவரிசையில் சரியாக வந்ததால் மீட்டரில் கை வைக்கவில்லை என்பது உறுதியானது. கிளட்ச் பெடலின் ரப்பரும் ஸ்டீயரிங்கின் தேய்மானமும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போயின.

எஞ்சினைக் காலையில் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே எழுப்பினார்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்த எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும் என்பதால், வரும் நேரத்தை மெக்கானிக் சொல்லாமலே போயிருந்தார். நீலப் புகை இல்லை, ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற படிவும் இல்லை.

குறைகள் இரண்டு தெரிந்தன. டயர்களின் பக்கவாட்டில் 2217 என்ற எண் இருந்தது. 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் தயாரானவை என்று பொருள். தரையைப் பிடிக்கும் பட்டன் தேயவில்லை, ஆனால் ஏழு ஆண்டுகளில் ரப்பர் வெடித்திருந்தது. இரண்டாவது, இந்த 1.1 லிட்டர் எஞ்சினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் உண்டு. அதே ஐ10இல் வந்த 1.2 லிட்டர் எஞ்சினில் இருப்பது செயின். பெல்ட் மாற்றியதற்கான பில் கோப்பில் இல்லை. பதினொரு வயதான பெல்ட் அறுந்தால் வால்வுகளோடு எஞ்சின் போகும் என்பதால், வாங்கியவுடன் மாற்றுவது என்ற நிபந்தனையோடு விலை பேசப்பட்டது. தனிநபர் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் என்பதால் 2028 வரைதான் ஆர்.சி. செல்லும் என்பதும் பேரத்தில் எடுத்து வைக்கப்பட்டது. 2,08,000 ரூபாயில் முடிந்தது.

ஹெச்.பி. பதிவும் பெயர் மாற்றமும்

ஆர்.சி.யில், வண்டியின் மேல் கடன் இருப்பதைக் காட்டும் ஹெச்.பி. பதிவாக, ஒரு வங்கியின் பெயர் இன்னும் இருந்தது. கடன் 2018இலேயே அடைந்து, வங்கி அப்போதே தடையின்மைச் சான்றும், அந்தப் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உம் கொடுத்திருந்தது. அவற்றை விற்பவர் பீரோவில் வைத்துவிட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்படைக்க மறந்துவிட்டார். அவர் நேர்மையானவர்தான். ஆனால் அந்தப் பதிவு நீங்காமல் பெயர் மாற்றம் நடக்காது. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் நினைத்தன, மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய சான்று காலாவதியாகிவிட்டதால் வங்கியிடம் புதிதாக வாங்கி, ஹெச்.பி. நீக்கப்பட்ட ஆர்.சி. கைக்கு வந்த பிறகே மீதித் தொகை என்று முடிவானது. இதற்கு ஆடி மாதம் முழுவதும் ஓடியது.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுகிறேன், நான் எதற்கு வர வேண்டும் என்று விற்பவர் கேட்டார். வண்டி கைமாறியும் பதிவேட்டில் பெயர் மாறாதிருந்தால், விபத்து நேரும்போது இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவரையே சேரும் என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அதை எடுத்துச் சொன்னதும் அவரே ஆர்வமாக வந்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இங்கே ஆவணி முதல் வாரத்திலேயே இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தார்கள்.

தொகை வங்கி வழியாகவே செலுத்தப்பட்டது. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திட்டார்கள். விற்பவர் தன் ஃபாஸ்டேக்கை முடித்துக்கொண்டார். தன்னுடைய 50 சதவீதத் தள்ளுபடிக்கான சான்றையும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பெற்றுக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்குள் அடுத்த வண்டிக்கு அதை அவர் பயன்படுத்தலாம் என்பது அவருக்கே புதிய செய்தி.

வாங்கியபின் ஆன செலவு: நான்கு டயர்கள் 14,400, டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் கூலியுடன் 7,200, ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் 3,800, காப்பீடு 8,900, பெயர் மாற்றக் கட்டணமும் சில்லறைச் செலவும் 1,500. வண்டி விலையோடு சேர்த்து 2,43,800 ரூபாய். மெக்கானிக் இரண்டு வண்டிகளையும் பார்த்ததற்குச் சேர்த்து 1,500 வாங்கினார். ஆசிரியர் அதை உதவியாகக் கேட்கத் தயங்கிக் கூலியாகப் பேசியது நல்லதாயிற்று. கூலி வாங்கியவர் வேண்டாம் என்று சொல்லக் கூசுவதில்லை.

ஓராண்டில் நடந்தது

வண்டி ஒரு முறைகூட நடுவழியில் நிற்கவில்லை. ஆனால் 2025 ஏப்ரலில், திருச்சி வெயிலில், ஏ.சி. குளிரவில்லை. சோதித்ததில் கூலிங் காயிலில் கசிவு. டேஷ்போர்டைக் கழற்றி மாற்ற 9,600 ரூபாய் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கசிவுக்கான சான்று வாங்கும் முன்பே கையில் இருந்தது. பழைய உரிமையாளரின் கோப்பில் 2023 ஜூனிலும் 2024 ஜூனிலும் ஏ.சி.க்குக் கேஸ் நிரப்பிய பில்கள் இருந்தன. நன்றாக இருக்கும் ஏ.சி.க்கு ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டியதில்லை. அந்தக் கோப்பை மெக்கானிக்கும் ஆசிரியரும் கிலோமீட்டரைச் சரிபார்க்க மட்டுமே புரட்டினார்கள். ஆடிக் காற்று வீசும் காலை நேரத்தில், சில வாரங்களுக்கு முன் கேஸ் நிரப்பிய ஏ.சி. நன்றாகத்தான் குளிர்ந்தது.

எதை மாற்றலாம்

மெக்கானிக் இப்போது சர்வீஸ் பில்களை இரண்டு முறை படிக்கிறார்: முதலில் கிலோமீட்டருக்காக, பிறகு ஒரே வேலை திரும்பத் திரும்ப வருகிறதா என்பதற்காக. ஏ.சி.யை நண்பகலில், வண்டியை நிறுத்திவைத்து, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கிறார். முன்பே தெரிந்திருந்தால் அந்த 9,600இல் பாதியையாவது விலையில் குறைத்திருக்கலாம்; வண்டியை வேண்டாமென்று சொல்லும் அளவுக்கு அது பெரிய குறையன்று.

ஆசிரியரைக் கேட்டால் முன்பணத்தைத்தான் சொல்கிறார். தவிர்க்க முடியாமல் கொடுக்க வேண்டியிருந்தால், வண்டி எண்ணையும் ‘மெக்கானிக் பார்த்துத் திருப்தி இல்லையெனில் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்’ என்ற வரியையும் ரசீதில் எழுதி வாங்க வேண்டும் என்று, தன்னிடம் கேட்க வருபவர்களுக்குச் சொல்கிறார். அப்படி எழுதித் தரத் தயங்கும் இடத்தில் வண்டியைப் பார்க்கப் போவதே வீண் என்பது அவர் எண்ணம். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன், ஏனெனில் பல விற்பனையாளர்களுக்கு அப்படி எழுதும் வழக்கமே இல்லை.

ஐ10இன் பதிவு 2028இல் முடிகிறது. 15 ஆண்டுகள் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. அத்துடன் வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்ட டிங்கரிங், பெயின்ட் வேலைகளும் இருக்கும். புதுப்பிப்பதா, அதற்கு முன்பே கொடுத்துவிடுவதா என்பதை 2027 மழைக்காலம் முடிந்ததும் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடித்தளத் துருவைப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பதாக ஆசிரியரும் மெக்கானிக்கும் பேசிவைத்திருக்கிறார்கள்.